காவிரி டெல்டாவில் காக்கர் ஸ்பேனியல்: குட்டி முதல் வளர்ந்த நாய் வரை

ஸ்பேனியல் குட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "என்ன சாப்பாடு போடணும்?" என்பதுதான். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: "நனைந்து வந்தால் யார் துவட்டுவது?" ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் போட்ட துணியே காயாத ஊர் இது. தொங்கு காதும் நீள முடியும் உள்ள நாய் தானாகக் காய்ந்துவிடாது. இந்த இனத்துக்கு இங்கே வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை காது, அக்குள், விரலிடுக்கு என்று ஈரம் தங்கும் இடங்களில்தான் ஆரம்பிக்கின்றன. சீப்பு, துண்டு, காது என்று தினமும் கால் மணி நேரம் ஒதுக்க வீட்டில் ஓர் ஆள் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் தெருவில் பிறந்த நாட்டுக்குட்டி ஒன்றை எடுத்து வளர்ப்பதே உத்தமம். அதன் முடியும் காதும் இந்த மண்ணுக்கு ஏற்றவை.

வாங்குவதற்கு முன்

நம் ஊரில் ஸ்பேனியல் என்று கிடைப்பது பெரும்பாலும் இங்கிலீஷ் காக்கர். வளர்ந்த நாயின் தோள் உயரம் 38 முதல் 41 சென்டிமீட்டர், எடை 12 முதல் 15 கிலோ, ஆயுள் 12 முதல் 14 ஆண்டு. புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பிவிடுவதற்காக உருவாக்கப்பட்ட வேட்டை நாய் இது. அதனால் மூக்கைத் தரையில் வைத்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. தண்ணீரைக் கண்டால் நிற்காது. காவலுக்கு என்று வாங்கினால் ஏமாற்றம்தான், வருகிறவருக்கெல்லாம் வாலாட்டும். அமெரிக்கன் காக்கர் உருவத்தில் சிறியது, முடியோ இதைவிட மிக அடர்த்தி. டெல்டாவுக்கு அது வேண்டாம்.

8 வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. சட்டத்தை விடுங்கள், 35 நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தால் கடியின் அளவு தெரியாமலே வளரும். உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்பதை அது கற்றுக்கொள்கிறது. தாயை நேரில் காட்ட மறுக்கிற இடத்தில் வாங்காதீர்கள். குட்டியின் காதைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை இருக்கக் கூடாது. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளிறியிருந்தால் குடற்புழு அல்லது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். கண்ணின் உள்மூலையில் சிவந்த சதைத் திரட்சி தெரிந்தால் அது 'செர்ரி ஐ'. ஸ்பேனியலில் அடிக்கடி வருவது, அறுவை சிகிச்சையில்தான் சரியாகும். பெற்றோருக்கு விழித்திரைச் சிதைவு, பரம்பரைச் சிறுநீரக நோய் இரண்டுக்கும் மரபணுச் சோதனை எடுத்த சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் இருக்காது. ஆனாலும் கேட்கிறவரிடம் கொஞ்சம் யோசித்துத்தான் விற்பார்கள்.

எப்போது வாங்குவது என்பதும் முக்கியம். தை மாதம்தான் சரி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. பொங்கலுக்கு 8 வாரக் குட்டியாக வந்தால் பங்குனிக்குள் தடுப்பூசிகள் முடிந்து தெருவில் இறக்கலாம். ஐப்பசியில் வாங்கினால் அடைமழையில் மூத்திரப் பழக்கம் சொல்லித்தர வேண்டிவரும், வீடே நாறும்.

வீட்டைத் தயார் செய்வது

படுக்கை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். சின்னக் கயிற்றுக் கட்டில் அல்லது இடைவெளி விட்டு அடித்த மரப்பலகை, மேலே பழைய பருத்தி வேட்டி, அவ்வளவுதான். சாக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வைக்கோலில் உண்ணியும் சுணையும் இருக்கும். இரண்டும் வேண்டாம்.

வழவழப்பான சிவப்பு சிமெண்ட் தரையிலும் டைல்ஸிலும் குட்டி ஓடினால் பின்னங்கால் விரிந்து விரிந்து சறுக்கும். இடுப்பு மூட்டுக்கு அது நல்லதல்ல. குட்டி நடமாடும் வழியில் தென்னை நார் மிதியடிகளைப் போட்டுவையுங்கள். கொல்லைக் கிணற்றுக்கு மூடி, வேலி அடியில் நாலு விரல் இடைவெளி இருந்தாலும் அடைப்பு, தரைமட்டத்தில் இருக்கும் மின் ஒயர்களுக்கு மறைப்பு. வீட்டில் எலி மருந்து வைத்திருந்தால் குட்டி வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

முதல் மூன்று இரவு அழும். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுக்கவைத்தால் போதும், நான்காம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவைக்கலாம். கொல்லையில் கட்டிப்போட்டுப் பழக்காதீர்கள். ஆளை ஒட்டியே வாழும் இனம், தனியே விட்டால் ஓயாமல் குரைக்கும், தன் காலையே நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும்.

மூத்திரப் பழக்கத்துக்கு ஒரே வழி நேரக்கணக்கு. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு 15 நிமிடத்தில், விளையாட்டு முடிந்ததும், இவை போக 2 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போனதும் அங்கேயே ஒரு துண்டு கறி. மழைக்காலத்துக்கு என்று தாழ்வாரத்தில் ஒரு தட்டில் மணல் பரப்பி வையுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் திட்டிப் பயனில்லை, துடைத்துவிட்டு அடுத்த தடவை முந்திக்கொள்ளுங்கள். பினாயில் போட்ட தரை முழுக்கக் காயும்வரை குட்டியை அங்கே விடாதீர்கள், கால் வழியாக நக்கிவிடும்.

தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி

6 முதல் 8 வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு 3 முதல் 4 வார இடைவெளியில் அடுத்தடுத்து. கடைசித் தவணை 16 வாரம் முடிந்த பிறகு விழ வேண்டும். தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்புச் சக்தி அதுவரை தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுக்கக்கூடும். இரண்டு ஊசி போட்டாயிற்று என்று நிறுத்திய குட்டிகளுக்குப் பார்வோ என்ற கொடிய வைரஸ் பேதி வருவது இதனால்தான். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதத்தில், டாக்டர் சொன்னால் 4-ஆம் மாதம் ஒரு பூஸ்டர், பிறகு ஆண்டுதோறும்.

டெல்டாவில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியது எலிக்காய்ச்சல் தடுப்பூசி. 'செவன் இன் ஒன்', 'நைன் இன் ஒன்' என்ற கூட்டு ஊசிகளில் அது சேர்ந்திருக்கும், சிலவற்றில் இருக்காது. வயல் எலியின் மூத்திரம் கலந்து தேங்கிய நீர் நம்மைச் சுற்றி எங்கும் இருக்கிறது. இந்த நோய் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்குவதோடு அதன் மூத்திரம் வழியாக வீட்டிலுள்ளவர்களுக்கும் தொற்றும். முதல் முறை 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருடம் தவறாமல். மழைக்கு முன்னால், புரட்டாசிக்குள் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

ஊசிகள் முடியும்வரை தெருமண்ணில் இறக்காதீர்கள் என்றால் வீட்டுக்குள் பூட்டிவையுங்கள் என்று அர்த்தமில்லை. குட்டியின் மனசு உலகத்துக்குத் திறந்திருப்பது 14 வாரம்வரைதான். தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு, கோயில் மேளம், டிராக்டர், ஆடு, மாடு எல்லாவற்றையும் காட்டுங்கள்.

குடற்புழு மருந்து 12 வாரம்வரை 2 வாரத்துக்கு ஒரு முறை, 6 மாதம்வரை மாதம் ஒரு முறை, அதன்பின் 3 மாதத்துக்கு ஒரு முறை. அளவு எடையைப் பொறுத்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

உண்ணி விஷயத்தில் நாயை மட்டும் பார்த்தால் தீராது. ரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் வெடிப்பிலும் கட்டில் பொருத்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். திண்ணை, தாழ்வார வெடிப்புகளைப் பூசி அடையுங்கள், படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசுங்கள். நாய்க்கு, உண்ணி கடித்ததும் சாகிற மாதிரியான மாத்திரைகள் இப்போது உண்டு. ஃப்ளூராலனர் வகை ஒரு மாத்திரை 12 வாரம் தாங்கும், அஃபாக்ஸோலனர் ஒரு மாதம். வலிப்பு வந்த நாயாக இருந்தால் கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கையளவாகக் கலந்து குட்டிமேல் ஊற்றுவது கிராமத்தில் சாதாரணமாக நடக்கிறது. குட்டி செத்துப்போகவும் கூடும். சோர்வு, காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபீசியா ஆகிய ரத்த நோய்கள் இரண்டும், சீக்கிரம் கண்டுபிடித்தால், மருந்துக்குக் கட்டுப்படும். ஊர் கால்நடை மருந்தகத்தில் பார்க்க முடியாததற்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சாப்பாடு

8 வாரத்தில் நாளுக்கு 4 வேளை, 3 மாதத்திலிருந்து 3 வேளை, 6 மாதத்துக்குப் பிறகு 2 வேளை. 3 கிலோ குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குட்டித் தீவனத்தில் தொடங்கி, பாக்கெட்டில் வளர்ந்த எடை 13 கிலோ என்றிருக்கும் வரிசையைப் பின்பற்றுங்கள். ஒரு வருஷம்வரை குட்டித் தீவனம்தான். வளர்ந்த பிறகு 13 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 750 கிலோகலோரி, உலர்தீவனமாக 200 முதல் 220 கிராம். கருத்தடை செய்தபின் இதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டிவரும்.

வீட்டுச் சாப்பாடுதான் என்றால் வளர்ந்த நாய்க்கு 250 கிராம் சாதம், 200 கிராம் எலும்பில்லாத வெந்த கோழிக்கறி, ஒரு வேகவைத்த முட்டை, ஒரு பிடி வெந்த பரங்கிக்காய் அல்லது கேரட், இரண்டு வேளைக்கும் பிரித்து. உப்பு, மிளகாய் வேண்டாம். இதில் கால்சியம் போதாது, எலும்பு சூப்பு ஊற்றினாலும் போதாது. சூப்பில் கால்சியம் அவ்வளவாக இறங்குவதில்லை. எடைக்கேற்ற கால்சியம் பவுடரை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். தயிர்சாதத்திலேயே வளர்ந்த குட்டிகளின் முன்னங்கால் வளைவதும் கணுக்கால் இறங்குவதும் இந்தக் குறையால்தான். தீவனம் மட்டுமே தின்கிற குட்டிக்கு மேற்கொண்டு கால்சியம் கொடுக்காதீர்கள், அதுவும் எலும்பைக் கெடுக்கும்.

வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டியவை: சாம்பார், கறிக்குழம்பு ஊற்றிய சாதம் கூடாது, வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களை உடைக்கும். பாயசம், சர்க்கரைப்பொங்கல் கூடாது, திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட், காபி, வெந்த எலும்பு, முள் நிறைந்த கெண்டை எதுவும் வேண்டாம். எருமைப்பால் கொடுத்தால் பேதிதான்.

இந்த இனம் வயிறு நிறைந்ததைக் காட்டிக்கொள்ளாது. சாப்பிட்ட கையோடு இன்னொருவரிடம் போய்ப் பட்டினி கிடந்ததுபோல் பார்க்கும். விலா எலும்பை விரலால் தடவினால் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கி இருக்க வேண்டும். தட்டில் போடாதீர்கள். வாய் குறுகிய, ஆழமான கிண்ணம் வாங்குங்கள். காது இரண்டும் வெளியே விழும், சோற்றில் தோயாது.

காது

நாயின் காதுக்குழாய் நேராக இல்லை. கீழே இறங்கி, உள்பக்கமாகத் திரும்புகிறது. ஸ்பேனியலுக்கு அதன்மேல் ஒரு கனத்த மடல் கதவுபோல மூடிக்கொண்டிருக்கிறது, குழாயைச் சுற்றி முடி, உள்ளே மெழுகுச் சுரப்பிகளும் அதிகம். சூடு, ஈரம், இருட்டு, எண்ணெய்ப்பசை என்று பூஞ்சைக்கு வேண்டிய நாலும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன.

குட்டி வந்த முதல் நாளிலிருந்து, ஒன்றும் இல்லாவிட்டாலும், தினம் ஒரு தடவை இரண்டு காதையும் தூக்கிப் பார்த்து முகர்ந்துவிட்டு ஒரு துண்டு கறி கொடுங்கள். வலி வந்த பிறகு காதைத் தொட்டுப் பழக்க முடியாது. வாரம் ஒரு முறை மெழுகு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, சேர்ந்திருந்தால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். சுத்தமான காதைத் திரும்பத் திரும்பக் கழுவினாலும் தோல் ஊறிப் புண்ணாகும். குளித்தாலோ வாய்க்காலில் இறங்கினாலோ அன்றைக்கே கட்டாயம்.

செய்முறை இது. நாய்க்கான காது திரவ பாட்டிலைக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து குளிர் போக்குங்கள், சில்லென்று ஊற்றினால் அடுத்த முறை நிற்காது. மடலை மேலே தூக்கிப் பிடித்து, பாட்டில் முனை தோலில் படாமல், குழாய் நிறைந்து விளிம்புக்கு வரும்வரை ஊற்றுங்கள். இரண்டு சொட்டு விட்டால் அடிவரை போகாது. மடலைக் கீழே விட்டு, காதின் அடிப்பகுதியைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து அரை நிமிடம் பிசையுங்கள். சளக் சளக் என்று சத்தம் கேட்டால் சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். இப்போது கையை எடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், தலையை உதறும், அழுக்கு சுவர்வரை தெறிக்கும். பிறகு பஞ்சை விரலில் சுற்றி, விரல் போகிற ஆழம்வரை மட்டும் துடைத்தெடுங்கள். பட்ஸ் வேண்டாம், அது அழுக்கை உள்ளே தள்ளி இடித்து அடைத்துவிடும். தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், பூண்டு காய்ச்சிய எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் விடாதீர்கள். எண்ணெய் காதுக்குள் காற்றுப் புகாமல் மூடிவிடும். செவிப்பறை கிழிந்திருந்தால் எது ஊற்றினாலும் ஆபத்து.

பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பும் புளித்த வாடையும் என்றால் பெரும்பாலும் பூஞ்சை. மஞ்சள் சீழும் நாற்றமும் என்றால் பாக்டீரியா. கருப்பாகப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் காதுப்பேன். இவை ஊகத்துக்குத்தான். எந்த மருந்து என்பதை டாக்டர் செவிப்பறையைப் பார்த்து, அழுக்கை மைக்ரோஸ்கோப்பில் வைத்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். 'போன தடவை போட்ட மருந்து மிச்சம் இருக்கே' என்று அதையே விடுவது பல காதுகளைக் கெடுத்திருக்கிறது. ஐந்தாம் நாள் அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துவதும் அப்படித்தான். டாக்டர் சொன்ன 2 முதல் 4 வாரத்தை முடியுங்கள். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை திரும்பி வந்தால் கோளாறு காதில் இல்லை. சாப்பாடோ தூசியோ ஏதோ ஒவ்வாமை இருக்கிறது, அதைத் தேட வேண்டும். உதறி உதறி மடல் பலூன்போல் உப்பிவிட்டால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, தாமதிக்காமல் டாக்டரிடம்.

தடுப்புக்கு மிக உதவுவது டிரிம்மர். மாதம் ஒரு முறை மடலின் உள்பக்கத்தையும், குழாயைச் சுற்றியுள்ள முடியையும், மடலின் வெளிப்பக்க மேல் மூன்றில் ஒரு பங்கையும் ஒட்ட வெட்டிவிடுங்கள். மடல் லேசாகும், காற்றுப் போகும்.

முடி, குளியல், கால்

வேண்டியவை நாலு: ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பற்கள் வைத்தது), இரும்புச் சீப்பு, வட்டமுனைக் கத்தரிக்கோல், நகவெட்டி. மேலோட்டமாகப் பிரஷ் போட்டால் பளபளவென்று தெரியும், அடியில் சடை கட்டியிருக்கும். தோல்வரை சீப்பு இறங்க வேண்டும். காதுக்குப் பின்னால், அக்குள், தொடையிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் என இந்த நாலு இடத்தில்தான் சிக்கு. வாரம் மூன்று நாள் போதும், மழைக்காலத்தில் தினம். சிக்கை எடுக்காமல் குளிப்பாட்டினால் அது இறுகிவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

3 வாரத்துக்கு ஒரு குளியல் போதும், நாய் ஷாம்புவில். நாம் போடும் சோப்பு அதன் தோலை வறட்டும். ஷாம்புவைக் கால் வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் சீராகப் பரவும், சீக்கிரம் அலசவும் வரும். காலை 10 மணிக்குள் குளிப்பாட்டினால் வெயில் உதவும். ஒரு துண்டு போதாது, மூன்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்காமல் அழுத்தி ஒற்றி எடுங்கள். டிரையரைக் குறைந்த சூட்டில் ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். கரண்ட் போனால் விசிறியும் இல்லை, டிரையரும் இல்லை, ஆகவே அடைமழையில் முழுக்குளியலே வேண்டாம். கால், வயிறு மட்டும் கழுவித் துவட்டினால் போதும். ஈரமான கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். முடிக்கு அடியில் ஈரம் நின்றால் சில மணி நேரத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து நீர் கோர்த்து வழியும். சுற்றியுள்ள முடியை வெட்டிக் காற்றுப் படவிட்டு, குளோர்ஹெக்சிடின் கரைசலால் துடைத்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

கோடையில் மொட்டையடிக்கச் சொல்வார்கள். வேண்டாம். 2 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள், அது தோலை வெயிலிலிருந்து காக்கும். வயிற்றுப் பக்கத்தை மட்டும் ஒட்ட வெட்டலாம், குளிர்ந்த தரையில் படுத்தால் சூடு இறங்கும்.

பாதத்தின் அடிமுடியைத் திண்டுக்குச் சமமாக வெட்டிவிடுங்கள். டெல்டாக் களிமண் விரலிடுக்கில் உருண்டையாகச் சேர்ந்து காய்ந்தால் நடக்கும்போது கூழாங்கல்மேல் மிதிப்பதாகிவிடும். மண் காய்ந்ததும் உதிர்க்கலாம் என்று விடாமல் வந்த உடனே கழுவுங்கள். பிறகு ஒவ்வொரு விரலையும் பிரித்துத் தடவிப் பாருங்கள். ஊசிப்புல், ஒட்டுப்புல் விதை முன்னோக்கி மட்டுமே நகரும், பின்னால் வராது. முடியில் ஒட்டி, தோலைத் துளைத்து, உள்ளேயே பயணம் போகும். திடீரென்று ஒரே காலை மட்டும் நக்குவது, தலையை ஒரு பக்கம் சாய்ப்பது, நிற்காமல் தும்முவது, இவை மூன்றும் புல் விதை நுழைந்ததற்கு அடையாளம். நாயுருவி விதை அவ்வளவு ஆபத்தில்லை, காதுமுடியில் கொத்தாக ஒட்டும், சீப்புக்குக் கொஞ்சம் எண்ணெய் தொட்டு எடுத்துவிடலாம்.

வயலும் வாய்க்காலும்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். சில நாட்களில் கல்லணை தாண்டி வாய்க்கால்களில் தண்ணீர் வந்துவிடும். ஸ்பேனியலுக்கு அதைவிடக் கொண்டாட்டம் இல்லை. முதல் தண்ணீர் குப்பையும் கண்ணாடித் துண்டும் அடித்துக்கொண்டு வரும், ஒரு வாரம் இறக்காதீர்கள். ஆற்றிலும் பெரிய வாய்க்காலிலும் மதகுக்குப் பக்கத்தில் இழுப்பு அதிகம், 10 மீட்டர் கயிறு இல்லாமல் விடவே கூடாது. நாய் ஏறிவர முடிகிற சரிவான கரை இருக்கிற இடமாகப் பாருங்கள். வயலில் தேங்கிய நீரிலும் வடிவாய்க்காலிலும் உரம், பூச்சிமருந்து, எலி மூத்திரம் எல்லாம் கலந்திருக்கும். அங்கே குடிக்கவும் விடாதீர்கள், குளிக்கவும் விடாதீர்கள்.

வயலோர நாய்க்குப் பெரிய எமன் எலி மருந்து. பயிரில் கதிர் வரும் பருவத்தில் பொரியிலும் கருவாட்டிலும் கலந்து வரப்பில் வைப்பார்கள், இரண்டுமே நாய்க்குப் பிடித்த வாசனை. துத்தநாகப் பாஸ்பைடு தின்ற நாய் சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும், வயிற்று அமிலத்தில் அது விஷவாயுவாக மாறுவதால் வாந்தியை முகராதீர்கள், வண்டிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போங்கள். பாலோ சோறோ கொடுக்காதீர்கள். புரோமடியோலோன் கட்டி தின்றால் மூன்று நான்கு நாளைக்கு ஒன்றும் தெரியாது, பிறகு ஈறிலும் மலத்திலும் ரத்தம் வரும். தின்றது தெரிந்த அன்றே போனால் வைட்டமின் கே1 வாரக்கணக்கில் கொடுத்துக் காப்பாற்றலாம். எந்த மருந்து என்று தெரிந்தால் பாக்கெட்டோடு போங்கள். எலிக்கு வைக்கும் தஞ்சாவூர்க் கிட்டியில் மோப்பம் பிடித்துப் போய் மூக்கையோ காலையோ கொடுத்துவிடும் நாய்களும் உண்டு. பக்கத்து வயல்காரரிடம் எப்போது மருந்து வைக்கிறார், எங்கே கிட்டி போட்டிருக்கிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பு கடிப்பது பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோதான். கண்ணாடிவிரியன் கடித்தால் அந்த இடம் மளமளவென்று வீங்கும். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நடக்கவிடாதீர்கள். தூக்கிக்கொண்டு கிளம்புங்கள், போகிற வழியில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று போன் செய்து கேளுங்கள். மழை இரவில் தேரையைக் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளினால், தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பக்கவாட்டில் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வாயைக் கழுவுங்கள். தொண்டைக்குள் ஊற்றாதீர்கள்.

சம்பா அறுப்பில் ரோட்டில் நெல் காயப்போடும்போது அதன்மேல் ஓடவிடாதீர்கள், சுணை வயிற்றில் அரிக்கும். சித்திரை, வைகாசியில் காலை 6:30-க்கு முன்பும் மாலை இருட்டிய பிறகும்தான் நடை. தார் ரோட்டில் புறங்கையை 7 விநாடி வைக்க முடியாவிட்டால் நாயும் நடக்கக் கூடாது. நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு செங்கல் நிறமாகி, தள்ளாடினால் வெப்பத்தாக்கு. உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வீட்டிலேயே முதலில் குளிரவைக்க வேண்டும், அதன் பிறகுதான் டாக்டரிடம் பயணம்.

பழக்குவது

ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். பாட்டி 'இங்க வாடா' என்றும் பேரன் 'கம்' என்றும் கூப்பிட்டால் அது எதையும் கற்காது. 'வா', 'உட்கார்', 'விடு' மூன்றும் போதும். 'வா' என்பதை 10 மீட்டர் பருத்திக் கயிற்றில் பழக்குங்கள், நைலான் கையை அறுக்கும். வந்தால் கறி. வந்ததும் சங்கிலி போட்டு வீட்டுக்கு இழுத்துப்போனால் அடுத்த தடவை வராது. பாதி தடவை மறுபடி விளையாட விட்டுவிடுங்கள்.

ஸ்பேனியல் குட்டி ஆளைக் கண்ட சந்தோஷத்திலோ பயத்திலோ நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டுவிடும். அது அடங்கிப்போவதன் அடையாளம், திமிர் இல்லை. திட்டினால் அதிகமாகும். உள்ளே வந்ததும் கண்டுகொள்ளாமல் இருந்து, சில நிமிடம் கழித்துப் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து தொடுங்கள். வளர வளரக் குறையும்.

சாப்பாட்டுக் கிண்ணத்தையும் கவ்விய செருப்பையும் காத்து உறுமும் குணம் இந்த இனத்தில் சிலவற்றுக்கு உண்டு. 'யார் பெரியவர் என்று காட்டணும்' என்று தட்டைப் பிடுங்குகிறவர்கள்தான் கடி வாங்குகிறார்கள். அது தின்னும்போது பக்கத்தில் போய் இன்னும் நல்ல துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு நகருங்கள். செருப்பை வாங்க வேண்டுமானால் மாற்றாக ஏதாவது கொடுங்கள். 4 முதல் 6 மாதத்தில் 28 பால்பல் விழுந்து 42 பல் முளைக்கும், கண்டதையும் கடிக்கும். ஈரத்துணியை முறுக்கி ஃபிரீஸரில் வைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதம்.

தீபாவளி வெடி, திருவிழா வேட்டு, சாவு வெடி மூன்றும் டெல்டாவில் தவிர்க்க முடியாதவை. குட்டியாக இருக்கும்போதே போனில் வெடிச்சத்தத்தை மெல்ல வைத்து, சாப்பாட்டோடு சேர்த்துப் பழக்கிவிடுங்கள்.

ஒரு வயதுக்குப் பிறகு

பெண் நாய்க்கு முதல் பருவம் 6 முதல் 12 மாதத்துக்குள் வரும், சுமார் 3 வாரம் நீடிக்கும். அந்த மூன்று வாரமும் கொல்லைக் கதவு பூட்டியே இருக்கட்டும், தெருநாய்கள் மதில் ஏறி வரும். குட்டி போட விடப்போவதில்லை என்றால் கருத்தடை எப்போது என்று முதல் பருவத்துக்குப் பிறகு டாக்டரோடு பேசி முடிவெடுங்கள். செய்யாமல் விட்ட பெண் நாய் பருவம் முடிந்த 4 முதல் 8 வாரத்தில் தண்ணீர் அதிகம் குடித்து, சோர்ந்து, பின்பக்கம் சீழ் வடிந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கிறது. அன்றைக்கே ஆபரேஷன் தேவைப்படும். கருத்தடைக்குப் பிறகு ஸ்பேனியலின் முடி பஞ்சுபோலப் பொங்கும். நோய் இல்லை, சீப்பு வேலைதான் கூடும்.

வளர்ந்த நாய்க்கு தினம் ஒரு மணி நேர ஓட்டம் வேண்டும், அதில் பாதி மோப்ப விளையாட்டாக இருக்கலாம். மழையில் வெளியே போக முடியாத நாளில் தீவனத்தை வீடெங்கும் ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள், இருபது நிமிடத்தில் களைத்துப்போய் படுத்துவிடும். நாய்ப் பேஸ்ட்டால் வாரம் மூன்று நாள் பல் தேய்ப்பது, மாதம் ஒரு முறை எடை, மூன்று வாரத்துக்கு ஒரு முறை நகம், வருடம் ஒரு முறை தடுப்பூசியோடு ரத்தப் பரிசோதனை.

7 வயதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு தடவை டாக்டர். இரவில் படியில் தடுமாறினால் விழித்திரை. கண் சிவந்து கலங்கி வலித்தால் கண் அழுத்தம், அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. காது நோய் வருஷக்கணக்கில் இழுத்த ஸ்பேனியல்களுக்குக் கேட்கும் திறன் குறைந்துவிடுவதுண்டு. 'வா', 'உட்கார்' இரண்டுக்கும் கை சைகையை ஒரு வயதிலேயே சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிட்டால் அப்போது சிரமப்பட வேண்டாம்: 'வா' என்பதற்கு உள்ளங்கையால் தொடையைத் தட்டுவது, 'உட்கார்' என்பதற்கு விரல்களை மடக்கிக் கையை மேலே தூக்குவது.